ஆச்சிமார் கைப்பையும் 100 மில்லிக் கணக்கும்

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வழியனுப்ப வேன் நிறைய ஆள் வந்தாலும் வாசலோடு நின்றுவிட வேண்டும். உள்ளே போனவர் கவுண்டரில் பெரிய பெட்டியைப் போடுகிறார், இமிகிரேஷனில் பாஸ்போர்ட்டுக்கு முத்திரை வாங்குகிறார், அதற்குப் பிறகுதான் கைப்பைக்குப் பாதுகாப்புச் சோதனை. இந்த வரிசைதான் முக்கியம். சோதனையில் கால் லிட்டர் நெய் பாட்டில் பிடிபடும்போது, அதைப் போட்டு அனுப்பப் பெரிய பெட்டி கையில் இல்லை. வெளியே நிற்கும் தம்பியிடம் கொடுக்கவும் வழியில்லை. பக்கத்தில் இருக்கும் தொட்டிதான் அதற்கு இடம். வீட்டில் வெண்ணெய் காய்ச்சி இறக்கிய நெய்யை அப்படிப் போட்டுவிட்டுப் போகும் ஆச்சிமார் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. எதைக் கையில் எடுப்பது, எதைப் பெட்டியில் போடுவது என்பதை வீட்டுப் பட்டாலையில் பெட்டியை விரித்துவைத்திருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். தப்பவிட்டால், கவுண்டரில் பெட்டி போடும் நிமிடம்தான் கடைசி வாய்ப்பு.

வெளிநாட்டு விமானத்துக்கான விதி இது. கைப்பையில் போகும் திரவம், களிம்பு, ஸ்பிரே எதுவானாலும் அது இருக்கும் குப்பியின் கொள்ளளவு 100 மில்லியைத் தாண்டக் கூடாது. எல்லாக் குப்பிகளும் சேர்ந்து, திறந்து மூடக்கூடிய ஒரே ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவருக்குள் அடங்க வேண்டும். அந்தக் கவரின் கொள்ளளவு 1 லிட்டர், ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர். ஒருவருக்கு ஒரு கவர்தான்.

இதில் நம்மவர்கள் தவறவிடும் சொல் ‘கொள்ளளவு’. 200 மில்லி தேங்காய் எண்ணெய் பாட்டிலில் அடியில் நாலு ஸ்பூன் எண்ணெய்தான் இருக்கிறது, அது போகும் என்று நினைக்கிறார்கள். போகாது. சோதிப்பவர் பார்ப்பது பாட்டிலில் அச்சிட்ட எண்ணை. உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை அவர் அளப்பதில்லை. 150 கிராம் பற்பசைக் குழாயை முக்கால்வாசி பிதுக்கிச் சுருட்டிவைத்திருந்தாலும் அது 150 கிராம் குழாய்தான்.

விதி வந்த கதையைத் தெரிந்துகொண்டால் அதன் கறார்த்தனம் புரியும். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைக் குளிர்பானப் பாட்டில்களில் வெடிதிரவம் நிரப்பித் தகர்க்கும் சதி பிடிபட்டது. அன்றைய எக்ஸ்ரே கருவிகளால் தண்ணீரையும் அந்தத் திரவத்தையும் பிரித்துக் காட்ட முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவும் நவம்பரில் ஐரோப்பாவும் 100 மில்லி வரம்பைக் கொண்டுவந்தன, மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன. இப்போது புதிய ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்கள், குறிப்பாகப் பிரிட்டனில் சில, 2 லிட்டர் வரை விடத் தொடங்கியிருக்கின்றன. அதை நம்பிப் பை கட்ட வேண்டாம். நீங்கள் ஏறும் ஊரிலும் இடையில் மாறும் ஊரிலும் என்ன கருவி இருக்கிறது என்பதுதான் உங்கள் பாட்டிலின் தலையெழுத்து.

எது திரவம் என்பதில்தான் அதிகம் சண்டை வருகிறது. ஊற்ற முடிந்தால், தடவ முடிந்தால், பிதுக்க முடிந்தால், தெளிக்க முடிந்தால் அது திரவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த நெய்யும் உறைந்த தேங்காய் எண்ணெயும் அதில் சேர்த்தி. தேன், தயிர், துவையல், தொக்கு, புளிக்காய்ச்சல், வெல்லப்பாகு, பஞ்சாமிர்தம், லேகியம், குழைத்த சந்தனம், கண்மை, தைலம், வலிக்குத் தடவும் களிம்பு எல்லாமே அதே கணக்கு. அல்வா மாதிரி நெய் மிதக்கும் இனிப்பு சோதிப்பவர் மனசைப் பொறுத்தது. பெட்டியில் போட்டுவிடுவது நல்லது. தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் இவை திடம், கையில் போகும். ஆனால் எவர்சில்வர் டப்பாவில் அடைத்தால் எக்ஸ்ரே திரையில் இருட்டாகத் தெரியும், திறந்து காட்டச் சொல்வார்கள். பார்த்தவுடன் தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துப் போங்கள்.

கிராமும் மில்லியும் ஒன்றல்ல என்பதையும் மனசில் வையுங்கள். நெய் தண்ணீரைவிட லேசு. 100 கிராம் நெய் 110 மில்லி இடத்தைப் பிடிக்கும். எனவே ‘100 கிராம்’ என்று தராசில் நிறுத்துக் கட்டிய நெய் 100 மில்லிக் குப்பியில் கொள்ளாது. நல்லெண்ணெயும் அப்படித்தான், 100 மில்லி எண்ணெய் 92 கிராம் அளவில் நிற்கும். தேன் எதிர்ப்பக்கம்: 100 மில்லித் தேன் 140 கிராம் இருக்கும். குப்பியில் அச்சிட்ட எண் எதுவும் இல்லாவிட்டால் சந்தேகத்துக்கு இடம். அடியில் ‘100 மி.லி.’ என்று பொறித்த குப்பியாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி என் உறுதியான கருத்து ஒன்று. குப்பிகளைத் தேடி அலைவதற்கு முன்னால், திரவத்தைக் குறைக்கப் பாருங்கள். அதற்கு நம்ம ஊர்ப் பழைய குளியலறைச் சாமான் போல் வசதி வேறு எதிலும் இல்லை. ஷாம்புவுக்குப் பதில் சீயக்காய்த்தூள். முகம் கழுவும் ஜெல்லுக்குப் பதில் பயத்தம்மாவு. பற்பசைக்குப் பதில் பல்பொடி. குளியல் ஜெல்லுக்குப் பதில் சோப்புக்கட்டி. குழைத்த சந்தனத்துக்குப் பதில் சந்தன வில்லை. இவை ஒன்றுகூட அந்த 1 லிட்டர் கவருக்குள் இடம் கேட்காது. ஒரு தலைக்குச் சீயக்காய்த்தூள் மூன்று தேக்கரண்டி என்று வைத்தால், பத்து நாள் பயணத்தில் மூன்று முழுக்குக்கு 60 கிராம் பொடி போதும். பொடியைச் சின்ன ஜிப் கவரில் போட்டு, மேலே தெளிவாகப் பெயர் எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத பழுப்புப் பொடி எந்த நாட்டுச் சோதனையிலும் கேள்விக்குள்ளாகும். கடையில் வாங்கிய, பிரிக்காத, அச்சிட்ட பாக்கெட் இன்னும் நல்லது.

பொடி விருப்பமில்லை, ஷாம்புதான் வேண்டும் என்றால் பாக்கெட் ஷாம்பு இருக்கிறது. கடலூர் சின்னி கிருஷ்ணன் வழிகாட்டிய இந்தச் சின்னப் பொட்டலம் விமானப் பயணத்துக்கு அளந்து செய்தது போல் பொருந்துகிறது. ஒன்றில் 6 மில்லி அளவுக்குத்தான் இருக்கும், உள்ளே காற்று இல்லாததால் வெடிக்காது, தீர்ந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் அதுவும் திரவம்தான், கவருக்குள்தான் போக வேண்டும். பற்பசை தினம் இருமுறை தேய்த்தாலும் பத்து நாளைக்கு 20 கிராம் தாண்டாது. சின்னக் குழாய் ஒன்று போதும், வீட்டுக்குழாயை எடுக்க வேண்டாம்.

எண்ணெய்க்கு மட்டும் மாற்று இல்லை. தலைக்குத் தினம் வைக்கும் தேங்காய் எண்ணெய் நாளுக்கு 3 முதல் 5 மில்லி. 50 மில்லிக் குப்பி பத்து நாளைக்குத் தாராளம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. உடம்பும் தலையுமாக ஒருவருக்கு 40, 50 மில்லி நல்லெண்ணெய் ஆகும். அப்படியானால் 100 மில்லிக் குப்பி இரண்டு முழுக்கு. ஒரு மாதம் தங்கப் போகிறவர் கைப்பையில் எண்ணெயைச் சுமப்பதில் பொருளில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டிலும் கோலாலம்பூரிலும் நல்லெண்ணெயும் நெய்யும் நம்ம ஊர்க் கடை போலவே கிடைக்கின்றன. மரச்செக்கு எண்ணெய்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் அதைப் பெரிய பெட்டியில் போடுங்கள்.

இப்போது கசிவு. பை திறந்ததும் பட்டுப்புடவையில் எண்ணெய்க் கறை என்றால் காரணம் பெரும்பாலும் மூடி அல்ல, குப்பிக்குள் விட்ட காற்று. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளது போல் இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்கு இறங்கும். வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானல் ஏறியதும் உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், கொடைக்கானல் 7,000 அடிதான். அதே வேலை உங்கள் எண்ணெய்க் குப்பிக்குள்ளும் நடக்கிறது. பாதி காலியான 100 மில்லிக் குப்பியில் 50 மில்லிக் காற்று இருந்தால், 8,000 அடி அழுத்தத்தில் அது 65 மில்லிக்கு மேல் இடம் கேட்கும். குப்பி படுத்திருந்தால் அந்தக் காற்று எண்ணெயை மூடிவழியே வெளியே தள்ளும். கீழே சரக்கறையிலும் இதே அழுத்தம்தான், எனவே பெரிய பெட்டியில் போட்டாலும் இந்த விதி மாறாது.

ஆகவே அழுத்தினால் நசுங்கும் குப்பியை எடுங்கள். முதல்நாளே கழுவி, உள்ளே ஈரம் இல்லாமல் கவிழ்த்துக் காயவையுங்கள். சூடாக இருக்கும் எண்ணெயை ஊற்ற வேண்டாம், ஆறட்டும். கழுத்துவரை நிரப்பி, குப்பியை இரு விரலால் மெல்ல அழுத்தி எண்ணெய் வாய்க்கு வந்ததும் அந்த நிலையிலேயே மூடியைத் திருகுங்கள். உள்ளே காற்றே இருக்காது. உயரத்தில் விரிய இடம் வேண்டுமென்றால் குப்பி தன் பழைய வடிவுக்கு வரும், அவ்வளவுதான். மூடி போடுமுன் வாயின் மேல் 5 சென்டிமீட்டர் சதுரத்தில் இரண்டு மடிப்பு உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து அதன் மேல் திருகுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து வெட்டியது போதும், இன்னும் உறுதி. பிறகு மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் செல்லோ டேப்பை இரண்டு சுற்று. மூடி இறுகும் பக்கமாகவே சுற்ற வேண்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் டேப்பே மூடியைத் தளர்த்தும்.

புறப்படுமுன் ஒரு சோதனை கட்டாயம். குப்பியைச் செய்தித்தாளில் படுக்கவைத்து ஒரு இரவு விடுங்கள். தண்ணீர் நிற்கும் மூடியில் எண்ணெய் நிற்கும் என்ற நிச்சயமில்லை, எண்ணெய் திருகு மரையோடு ஊர்ந்து வெளியே வந்துவிடும். காலையில் தாளில் எண்ணெய்ப் பொட்டு இருந்தால் அந்தக் குப்பியை அடுப்படிக்கே விட்டுவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் குறுகிய வாய்க் குப்பி வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைகிறது. செட்டிநாட்டு வெயிலில் பெரும்பாலும் தண்ணீராகவே இருக்கும் எண்ணெய், ஜூலை மாத சிட்னியில் கட்டியாகிக் குப்பிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், வெந்நீரில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். விரல் நுழையும் அகல வாய் டப்பாவில் எடுத்துப் போங்கள்.

பம்ப் வைத்த பாட்டில் கைப்பைக்கு ஆகாது. தண்டுக் குழாய் வழியே காற்றுத் தள்ளிக் கசிந்துகொண்டே இருக்கும். பாதி தீர்ந்த ரோல்-ஆனும் கசியும். உருளையின் மேல் பிளாஸ்டிக் தாள் வைத்து மூடுங்கள், நிமிர்த்தி வையுங்கள். கோடாலித் தைலம் மாதிரி கற்பூரமும் மெந்தாலும் சேர்ந்தவற்றைச் சாதாரணப் பிளாஸ்டிக் குப்பிக்கு மாற்ற வேண்டாம், பிளாஸ்டிக்கை அரிக்கும், அதன் கண்ணாடிப் புட்டியிலேயே இருக்கட்டும். ரப்பர் போல் மெத்தென்று இருக்கும் சிலிக்கான் குப்பிகள் ஷாம்புவுக்குச் சரி. எண்ணெய் வாசனையை அவை பிடித்துக்கொள்ளும், அடுத்தமுறை எதை ஊற்றினாலும் பழைய நல்லெண்ணெய் மணக்கும். விமானத்துக்குள் எந்தக் குப்பியைத் திறந்தாலும் நிமிர்த்திப் பிடித்து மெல்லத் திருகுங்கள். சேர்ந்த அழுத்தம் சுர்ரென்று வெளியே வரும்.

ஒரு லிட்டர் கவர் என்றால் 100 மில்லிக் குப்பி பத்து கொள்ளும் என்பது கணக்குக்குச் சரி. கண்ணெதிரே வைத்துப் பார்த்தால் 5, 6 குப்பிக்கு மேல் ஜிப் மூடாது. திணித்துப் புடைத்த கவரைப் பிரிக்கச் சொல்வார்கள். 30, 50 மில்லிக் குப்பிகளாக எடுத்தால் இடம் நன்றாகப் பயன்படும். இந்தக் கவர் கைப்பையின் அடியில் புடவைக்கும் பலகாரத்துக்கும் நடுவே இருக்கக் கூடாது, மேலேயே இருக்க வேண்டும். தட்டில் அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிற இடம்தான் அதிகம். கூட வருகிற ஒவ்வொருவருக்கும் தனிக் கவர் உண்டு, ஆனால் அவரவர் கவர் அவரவர் கையில் இருக்க வேண்டும். ஒருவர் பையில் நாலு பேர் கவரை வைத்தால் அந்தச் சலுகை அங்கேயே போய்விடும்.

பேறுகாலத்துக்கு மகள் வீட்டுக்குப் போகும் ஆச்சிமார்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தைப் பாலுக்கும் குழந்தை மருந்துக்கும் 100 மில்லி வரம்பிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அந்தக் குழந்தை உங்களோடு பயணம் செய்தால் மட்டுமே. அங்கே பிறந்திருக்கும் பேரனுக்காக எடுத்துப் போகும் குழந்தை எண்ணெய், கிரைப் வாட்டர், விளக்கெண்ணெய் இவற்றுக்கு விலக்கு இல்லை. எல்லாம் பெரிய பெட்டிக்கு. உரைமருந்து திடமானது, சுக்கு, வசம்பு, மாசிக்காய், கடுக்காய், ஜாதிக்காய் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்னக் கவரில் பெயரோடு வையுங்கள். சாம்பல் நிற உருண்டைகளைப் பழந்துணியில் முடிந்துவைத்தால் விளக்கம் சொல்லியே நேரம் போகும். ஆஸ்திரேலியாவுக்குள் விதை, வேர், மரப்பட்டை எதுவானாலும் வருகைப் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதிக் காட்டுங்கள். மறைத்தால்தான் அபராதம், காட்டியபின் அவர்கள் எடுத்துக்கொண்டாலும் அபராதம் இல்லை.

பிரசவ லேகியம் சந்தேகமில்லாமல் களிம்புக் கணக்கு. அரைக் கிலோ லேகியத்தைக் கைப்பையில் கொண்டுபோக எந்த வழியும் இல்லை. காய்ந்த சுக்கு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, மிளகு இவற்றை வறுத்து இடித்த பொடியையும் கருப்பட்டியையும் பெரிய பெட்டியில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் அங்கே வாங்கி, அங்கேயே கிண்டுவதுதான் நல்லது. லேகியமும் புதிதாக இருக்கும், பெட்டியும் பாழாகாது.

சொந்த மருந்து கட்டாயம் கையில்தான் வேண்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. சரக்கறைக் குளிரில் உறைந்தால் மருந்தின் வீரியம் போய்விடும், கண்ணுக்கும் அது தெரியாது. அவசியமான மருந்துத் திரவம் 100 மில்லிக்கு மேல் இருந்தாலும் அனுமதி உண்டு. அதற்கு மூன்று வேண்டும்: கடை லேபிளோடு உள்ள பழைய பாட்டில், ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டு, பாஸ்போர்ட்டில் உள்ளது போலவே சீட்டில் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பச்சி (அப்பா) பெயரும் சேர்ந்து முழுப்பெயர் இருக்க, சீட்டில் செல்லப்பெயர் மட்டும் இருந்தால் குழப்பம். மருத்துவரிடம் கேட்டுத் திருத்தி வாங்கிவிடுங்கள். பயண நாட்களுக்குத் தேவையான அளவு மட்டும் கையில் போதும். லேபிள் இல்லாத கஷாயப் பாட்டில் மருந்தாகக் கொள்ளப்படாது, வெறும் திரவம்தான். கண்சொட்டு மருந்து 5 மில்லியானாலும் கவருக்குள் வைத்துவிடுங்கள், கேள்வியே வராது.

பூஜைச் சாமான் பற்றி யாரும் எழுதுவதில்லை, பல பெட்டிகள் திறக்கப்படுவது அதனால்தான். சூடம் கைப்பையிலும் செல்லாது, பெரிய பெட்டியிலும் செல்லாது. தீப்பற்றும் திடப்பொருள் என்று உலக விமான விதியில் வகைப்படுத்தப்பட்டது. பாயசத்துக்கான பச்சைக் கற்பூரமும் அதே வகை. தீப்பெட்டியும் லைட்டரும் இந்திய விமான நிலையங்களில் எதிலும் வேண்டாம். கொப்பரைத் தேங்காய் தானாகவே சூடேறிப் பற்றக்கூடியது என்பதால் பெட்டியிலும் தடை. காசியிலிருந்து வந்த மூடி பற்றவைத்த கங்கைச் சொம்பு உள்ளே திரவம் உள்ள உலோகப் பாத்திரம். கையில் கொண்டுபோனால் திரையில் பார்த்தவர் நிச்சயம் நிறுத்துவார், பெரிய பெட்டியில் துணி சுற்றிப் போடுங்கள். பழனிப் பஞ்சாமிர்த டப்பாவும் பெட்டிக்கே. பிள்ளையார்பட்டி விபூதி பொட்டலமாகக் கையில் போகும். ஆனால் விபூதி கனிமப் பொடி. ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பும்போது கைப்பையில் இந்த வகைப் பொடிக்கு ஒருவருக்கு 350 மில்லி வரம்பு, முகப்பவுடரும் அதில் சேரும். அமெரிக்கா போகும் விமானத்தில் ஏறுமுன் 350 மில்லிக்கு மேற்பட்ட எந்தப் பொடியும் தனிச் சோதனைக்குப் போகலாம். அங்கே போகிறவர்கள் குழம்புப் பொடியையும் சத்துமாவையும் கையில் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

குழம்புப் பொடி என்றதும் திரவத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது பாட்டில் பறிபோவதோடு நிற்காது. நம்ம மசாலாவில் கசகசா சேர்ப்போம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தோடு சேர்ந்தது. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகும் பொடியைக் கசகசா இல்லாமல் தனியாக அரைக்கச் சொல்லுங்கள். குருமாவுக்கு வைத்திருக்கும் சின்னப் பொட்டலம்கூடப் பெட்டியின் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது.

மிளகாய் ஊறுகாய் இந்தியாவில் கைப்பைக்குள் அனுமதியில்லை. மற்ற ஊறுகாய்க்கும் 100 மில்லிக் கணக்கு என்பதால், எந்த ஊறுகாயும் பெட்டிக்கே என்று வைத்துக்கொள்வது நிம்மதி. மிளகாய்த்தூளும் கையில் வேண்டாம். புதிதாகப் போட்ட ஊறுகாயை உடனே அடைத்து அனுப்பாதீர்கள். ஊறும்போது வாயு விடும், இறுக்கி ஒட்டிய கவர் உப்பிப் பிளக்கும். பத்துப் பதினைந்து நாள் ஜாடியில் ஊறி அடங்கிய பிறகு, மேலே எண்ணெய் நிற்கும்படி அடைத்து, ஒட்டி, இன்னொரு கனமான கவரில் போட்டு, அதைச் சுற்றிப் பழைய துண்டு ஒன்று. கசிந்தாலும் துண்டோடு நிற்கும். பெட்டியின் ஓரத்தில் வைக்க வேண்டாம், அடிபடுவது ஓரம்தான். நடுவில், வேட்டி புடவைக்கு இடையில் வையுங்கள்.

வாசனைத் தெளிப்பான், முடிக்கான ஸ்பிரே, நகப்பூச்சு போன்றவற்றுக்குப் பெரிய பெட்டியிலும் வரம்பு உண்டு: ஒவ்வொன்றும் 500 மில்லிக்குள், கையும் பெட்டியும் சேர்த்து ஒருவருக்கு மொத்தம் 2 லிட்டர். கொசு, கரப்பான் ஸ்பிரே இந்தச் சலுகைக்குள் வராது, எடுக்க வேண்டாம். சவரத்துக்குத் தனி பிளேடு கைப்பையில் கூடாது. தலையோடு சேர்ந்த பிளாஸ்டிக் ரேசர் போகும். கத்தரிக்கோல் எவ்வளவு சிறிதானாலும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

மதுரையில் ஏறிச் சென்னையில் வெளிநாட்டு விமானம் மாறுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. உள்நாட்டு விமானத்தில் தண்ணீர் பாட்டிலைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். மதுரையில் விட்டார்களே என்று எண்ணெயைக் கையில் வைத்திருந்தால் சென்னையில் வெளிநாட்டுச் சோதனையில் நிறுத்துவார்கள். பெட்டி மதுரையிலேயே கடைசி ஊர்வரை போட்டாகிவிட்டது, இனி அதில் சேர்க்க முடியாது. கொழும்பு, சிங்கப்பூர், துபாய் வழியாகப் போகிறவர்களுக்கும் இடையில் மறுபடி சோதனை உண்டு. காலிப் பாட்டில் எங்கும் போகும். சோதனைக்கு முன் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, தாண்டிய பிறகு குழாயில் பிடித்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் முதல் மூன்று முனையங்களில் சோதனை விமானம் ஏறும் வாசலிலேயே நடக்கிறது. உள்ளே கடையில் வாங்கிய ஜூஸ்கூட அந்த வாசலில் நிற்கும்.

திரும்பி வரும்போது தைலமும் செண்டும் இல்லாமல் யாரும் வருவதில்லை. கோடாலித் தைலம் 56 மில்லிப் புட்டி கைப்பைக்கு ஆகும், ஆனால் கவருக்குள்தான். ஒரு டஜன் வாங்கினால் கவர் கொள்ளாது, பெட்டியில் காலுறைக்குள் ஒவ்வொன்றாகச் சொருகிப் போடுங்கள். கண்ணாடிக்குக் காலுறை போல் உறை வேறில்லை. டியூட்டி ஃப்ரீயில் வாங்கும் பெரிய செண்டுப் பாட்டிலுக்கு 100 மில்லி வரம்பு கிடையாது. ரசீதை உள்ளே தெரியும்படி வைத்து, சிவப்புக் கரை போட்ட பாதுகாப்புப் பையில் அவர்களே ஒட்டித் தர வேண்டும். இடையில் விமானம் மாறுகிறது என்றால் வாங்கும்போதே கடையில் சொல்லுங்கள். அந்தப் பையைக் கடைசி ஊர் சேரும்வரை பிரிக்கக் கூடாது, மணம் பார்க்க ஒரு மூலையைக் கிழித்தாலும் செல்லாது. சென்னையில் இறங்கி மதுரைக்கு உள்நாட்டு விமானம் பிடிக்கிறவர்கள் சென்னையில் பெட்டி கைக்கு வந்ததும் அதை உள்ளே போட்டு மறுபடி ஒப்படைத்துவிடலாம். நேரே திருச்சியில் இறங்குகிறவர்கள் அப்படியே கையில் கொண்டுவந்து வீட்டு முகப்பில் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.